ஐயத்தின் பயன் யாருக்கு? - கொலை வழக்கில் தற்காப்பு வாதத்தின் வரலாறு

கொலை பெரும் பாவம் என்பது எல்லாச் சமயங்களுக்கும் ஒத்த முடிபு. தன் உயிரைக் காத்தற்பொருட்டு ஒருவன் எதிர்த்து நிற்பது குற்றமன்று என்பது எல்லாச் சட்டங்களுக்கும் ஒத்த முடிபு. இவ்விரு முடிபுகளும் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடமே கொலை வழக்கில் எழும் தற்காப்பு வாதமாகும். ஒருவன் இறந்து கிடக்கிறான். மற்றொருவன், தான் கொன்றது மெய்யென்றும், கொல்லாதிருந்தால் தானே இறந்திருக்க நேர்ந்திருக்கும் என்றும் கூறுகிறான். இறந்தவன் எழுந்து வந்து மறுமொழி கூறப்போவதில்லை. நிகழ்ச்சியோ சில நொடிகளில் நிகழ்ந்து முடிந்தது. நீதிமன்றம் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், அமைதியாக அமர்ந்து அந்த நொடிகளை நிறுத்துப் பார்க்கின்றது.

அவ்வாறு நிறுக்கும்போது துலாக்கோல் ஒருபுறம் தெளிவாகச் சாய்ந்துவிட்டால் இடர்ப்பாடு இல்லை. இருபுறமும் ஒத்து நின்றால் என்செய்வது? அந்த ஐயத்தின் பயன் எதிரியைச் சாருமா, அரசைச் சாருமா? தற்காப்புச் சட்டத்தின் நீண்ட வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவிலே வந்து முடிகின்றது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை கொலைக்குற்றத்துக்கு மரண தண்டனை ஒன்றையே விதித்திருத்தலின், இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

பண்டை நெறிகள்

வடமொழித் தரும நூல்கள் இதனை நன்கு ஆராய்ந்துள்ளன. கொல்லும் நோக்கோடு பாய்ந்து வருவோனை அவை "ஆததாயி" என்னும் பெயரால் குறிக்கின்றன. தீ வைப்போன், நஞ்சிடுவோன், படைக்கலம் ஏந்தி வருவோன், பொருளைக் கவர்வோன், நிலத்தைக் கவர்வோன், மனைவியைக் கவர்வோன் என்னும் அறுவரை வசிட்ட தரும சூத்திரம் இப்பெயரால் வகுக்கின்றது. ஆததாயியைக் கொன்றவனுக்குக் கொலைப்பாவம் இல்லை என்பது மனு நூலின் முடிபு. நிலத்தைக் கவர்வோனும் இவ்வரிசையில் இடம்பெறுதல் கருதத்தக்கது. வயலே வாழ்வாக இருந்த சமுதாயம் நிலத்தை உயிரோடு ஒப்ப வைத்து எண்ணியது என்பதை இது காட்டுகின்றது.

தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் வேறொரு காட்சியைத் தருகின்றன. வேட்டையில் குறி தவறிய அம்பினாலோ, திடீரென மூண்ட கைகலப்பினாலோ உயிர்ச்சேதம் நேர்ந்த இடங்களில், ஊரவையார் கூடிக் கருத்தின்றி நேர்ந்த கொலையென்று கண்டு, கொன்றவனைக் கொல்லாது கோயிலில் நந்தாவிளக்கு எரிக்குமாறு விதித்த செய்திகள் அவற்றிலே உள. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்படுதல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் வழக்கு. அவை குறையாது பேணப்பட்டமையின் "சாவா மூவாப் பேராடு" எனப்பட்டன. கொன்றவனின் கை செய்ததை மட்டுமன்றி அவன் மனம் கருதியதையும் அவையோர் எடைபோட்டனர் என்பதே இதனாற் பெறப்படுவது.

மட்டக்களப்பைப் பொறுத்தவரையில், முக்குவர் சட்டம் என வழங்கிய வழமைச் சட்டம் தாய்வழி உரிமையையும் ஆதனத்தையும் பற்றியது. கொலைக்குற்றமோ ஆட்சியாளரின் சட்டத்துக்கு உட்பட்டது. ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் ஆண்ட பகுதிகளில் வழங்கிய உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை, பின்வந்த பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் தொடர்ந்து நிலைக்கச் செய்தனர். அந்தச் சட்டத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான அந்தோனியசு மத்தேயசு, குற்றங்களைப் பற்றி 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் நெடுங்காலம் மேற்கோளாக விளங்கியது. "குற்றமற்ற காப்பின் அளவு" என்பது அம்மரபின் கோட்பாடு. தாக்குதல் நீதியற்றதாதல் வேண்டும். அது அப்போதே நிகழ்வதாதல் வேண்டும். காப்பு அந்தத் தாக்குதலின் அளவை மீறாதிருத்தல் வேண்டும். பின்னர் எழுந்த சட்டங்கள் யாவும் இம்மூன்றையும் வெவ்வேறு சொற்களால் மீண்டும் கூறுவனவே.

கல்கத்தாவிலிருந்து வந்த கோவை

இலங்கையில் உரோமன் ஒல்லாந்தக் குற்றவியற் சட்டத்தை நீக்கி அதன் இடத்தில் அமர்ந்தது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். தண்டனைச் சட்டக்கோவை எனப்படும் அது 1885ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் மூலம் இந்தியத் தண்டனைச் சட்டம். மெக்காலே பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1837ஆம் ஆண்டில் வரைந்து முடித்த அச்சட்டம், நீண்ட ஆய்வின் பின்னர் 1860ஆம் ஆண்டிலே நிறைவேறியது. இந்தியச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளே இலங்கைக் கோவையில் 89 முதல் 99 வரையிலான பிரிவுகளாயின.

இப்பதினொரு பிரிவுகளும் ஆங்கில நாட்டுச் சட்டத்தைக் காட்டிலும் தாராளமாக அமைந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கொள்ளைக் கூட்டத்தினர் ஊர்களைச் சூறையாடும்போது இந்நாட்டு மக்கள் எதிர்த்து நில்லாது பொறுத்துக் கிடக்கின்றனர் என்றும், அத்தகைய மக்களுக்குத் தற்காப்பு உரிமையைச் சுருக்குதல் தகாதென்றும், அதனை விரிவாகக் கொடுத்து ஊக்குதலே வேண்டற்பாலதென்றும் மெக்காலே ஆணைக்குழு தன் குறிப்புரையில் எழுதியது. ஆளவந்தோர் ஆளப்பட்டோரைக் கோழைகள் என மதித்த மதிப்பு அக்கூற்றிலே தெரிகின்றது. எனினும் அதன் விளைவு நன்மையாகவே முடிந்தது. தாக்கப்பட்டவன் முதலிற் பின்வாங்கி ஓடுதல் வேண்டும் என்னும் விதி எதனையும் இக்கோவை கூறவில்லை.

கோவையின் அமைப்பை ஒரு முறை நோக்குதல் தகும். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எச்செயலும் குற்றமன்று என்பது 89ஆம் பிரிவு. தன் உடலையும் பிறர் உடலையும், தன் ஆதனத்தையும் பிறர் ஆதனத்தையும் காக்கும் உரிமை உண்டென்பது 90ஆம் பிரிவு. சித்தசுவாதீனமற்றவன் தாக்க வந்தால் அவன் செயல் குற்றமாகாது. ஆயினும் அவனை எதிர்த்துத் தன்னைக் காக்கும் உரிமை குன்றாது என்பது 91ஆம் பிரிவு. எல்லைகளை வகுப்பது 92ஆம் பிரிவு. அரச அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. காப்புக்கு வேண்டிய அளவின் மேற்பட்ட தீங்கு செய்யும் உரிமை எஞ்ஞான்றும் இல்லை.

எதிரியைக் கொல்லும் அளவுக்கு உரிமை நீளும் வேளைகளை உடல் குறித்து 93ஆம் பிரிவும், ஆதனம் குறித்து 96ஆம் பிரிவும் வரையறுக்கின்றன. மரணமோ கொடுங்காயமோ விளையும் என்னும் நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் முதலியன முன்னதில் அடங்கும். கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் வாழும் இல்லத்துக்குத் தீ வைத்தல் முதலியன பின்னதில் அடங்கும். உடலைக் காக்கும் உரிமை அச்சம் தோன்றிய கணத்தில் தொடங்கி, அச்சம் நீங்கும் கணத்தில் முடிவுறும் என்பது 95ஆம் பிரிவு. நிலத்தைக் கவர்தல் மாத்திரம் இப்பட்டியலில் இல்லை. தரும நூலின் அறுவருள் ஒருவன் இங்கே விடுபட்டான்.

வட்டையில் ஓர் இரவு

சட்டக்கோவை தன் விதிகளை விளக்கக் கற்பனை மாந்தரை அமைத்து எடுத்துக்காட்டுத் தருவது வழக்கம. அம்முறையைத் தழுவி, செங்கலடிச் சூழலுக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் வயல் வட்டைகள் விரிந்து கிடப்பதைக் காண்பர். சிறுபோகக் காலத்திலே வாய்க்கால் நீர் அருகும். போடியாரின் வயலைக் காக்கும் முல்லைக்காரன் ஒருவன் வாடியிலே படுத்திருக்கின்றான். அவனை "அ" என்க. நள்ளிரவில் அயல் வயற்காரனாகிய "ஆ" வந்து வரம்பை வெட்டி நீரைத் திருப்புகின்றான்.

முதல் நிலையில் ஆதனத்துக்கு மட்டுமே ஊறு. "அ" தடுக்கலாம், வேண்டிய அளவு வலுவைப் பயன்படுத்தலாம், ஆனால் நீரின் பொருட்டு ஆளைக் கொல்லும் உரிமை இல்லை. இரண்டாம் நிலையில், தடுக்கப்பட்ட "ஆ" மண்வெட்டியை அவன் தலைக்கு நேரே ஓங்குகின்றான். அக்கணமே 93ஆம் பிரிவு துணைக்கு வருகின்றது. அடி விழும் வரை அவன் காத்திருத்தல் வேண்டா. ஓங்கிய கை தந்த அச்சமே போதும். மூன்றாம் நிலையில், "அ" தன் கத்தியால் வெட்ட, "ஆ" மண்வெட்டியை நழுவவிட்டுத் திரும்பி ஓடுகின்றான். அச்சம் நீங்கியது, உரிமையும் நீங்கியது. துரத்திச் சென்று முதுகில் வெட்டினால் அது காப்பன்று, பழிவாங்கல்.

வட்டவிதானையிடம் முறையிட்டிருக்கலாம் அல்லவா, ஏறாவூர்ப் பொலிசுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம் அல்லவா என்று அரச தரப்பு வினவக்கூடும். விடிந்தபின் அது கூடும். ஓங்கிய மண்வெட்டிக்கும் தலைக்கும் இடையே உள்ள தொலைவு முழம் இரண்டு. பொலிசு நிலையத்துக்குள்ள தொலைவோ வேறு. ஆகவே 92ஆம் பிரிவு கூறும் "நேரம்" நகரத்துத் தெருவில் ஓர் அளவினதாகவும், தனித்த வயல் வாடியிலே வேறோர் அளவினதாகவும் இருத்தல் இயல்பு.

நடு வழி

மேற்கூறிய இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. முதல் வெட்டிலேயே "ஆ" தளர்ந்துவிட்டான். ஆயினும் அச்சத்தின் வேகத்தில் "அ" மேலும் இருமுறை வெட்டிவிட்டான். காக்கும் உரிமை அவனுக்கு இருந்தது, அளவை மீறிவிட்டான். இவனைக் கொலைகாரன் என்பதா, குற்றமற்றவன் என்பதா?

இலங்கைக் கோவையின் 294ஆம் பிரிவு கொலைக்குற்றத்தை வரையறுத்து அதற்குச் சில விலக்குகளையும் தருகின்றது. அவற்றுள் இரண்டாம் விலக்கு இத்தகையோனுக்காக அமைந்தது. நன்னம்பிக்கையோடு தற்காப்பு உரிமையைப் பயன்படுத்துவோன், முன்னரே திட்டமிடாமலும், காப்புக்கு வேண்டியதன் மேற்பட்ட தீங்கு செய்யும் கருத்தின்றியும் அவ்வுரிமையின் எல்லையைக் கடந்து கொன்றுவிட்டால், அது கொலைக்குற்றமாகாத ஆட்கொலையாகும். கொலைக்குற்றத்துக்கு 296ஆம் பிரிவு மரண தண்டனை விதிக்க, இதற்கு 297ஆம் பிரிவு இருபது ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத் தண்டனையை விதிக்கின்றது.

இந்நடு வழி ஆங்கிலச் சட்டத்தில் இல்லாதது. யமேக்காவிலிருந்து சென்ற பாமர் வழக்கில், பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம், தற்காப்பு வாதம் வென்றால் முழு விடுதலை, தோற்றால் கொலைக்குற்றம், இரண்டுக்கும் நடுவே வேறில்லை என 1971ஆம் ஆண்டில் உறுதியாகக் கூறியது. அவுத்திரேலிய உயர் நீதிமன்றம் 1958ஆம் ஆண்டில் ஹவ் என்பாரின் வழக்கில் இத்தகைய நடு வழியொன்றைத் திறந்து, 1987ஆம் ஆண்டில் அதனை மீண்டும் அடைத்தது. அந்நாடுகள் திறப்பதும் அடைப்பதுமாக இடருற்ற கதவு, இலங்கையில் 1885ஆம் ஆண்டு முதலே சட்டத்தின் சொற்களாலேயே திறந்து கிடக்கின்றது.

நிறுக்கும் முறை

தற்காப்பு வாதத்தை நீதிமன்றம் எவற்றைக் கொண்டு நிறுக்கின்றது? சண்டையைத் தொடங்கியவர் யார், இருவர் கையிலும் இருந்த கருவிகள் எவை, காயங்கள் எத்தனை, அவை உடலின் எப்பகுதியில் உள்ளன, எதிரியின் உடலிலும் காயம் உண்டா, நிகழ்ச்சியின் பின் எதிரி என்ன செய்தான் என்பன முதன்மையானவை. சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கை இங்கே பெருஞ்சான்றாகும். முன்னங்கையில் உள்ள வெட்டுக்காயம் தடுக்க எழுந்த கையைக் காட்டும். முதுகிலுள்ள காயம் திரும்பி ஓடியவனைக் காட்டும். எனினும் காயம் தானே பேசுவதன்று. கைகலப்பிலே இருவரும் சுழல்வர். முதுகும் மார்பும் நொடிக்கு நொடி இடம் மாறும்.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1952ஆம் ஆண்டில் தீர்ந்த அம்சத் கான் வழக்கு இவ்வகையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரிலே மதக்கலகம் மூண்டது. கலகக் கும்பல், அம்சத் கானின் கடையோடு ஒட்டியிருந்த அவருடைய தமையனின் கடையைச் சூறையாடியது. பின்னர் இவருடைய கதவையும் தடிகளால் அடிக்கத் தொடங்கியது. குடும்பத்தார் உள்ளே இருந்தனர். அவர் துப்பாக்கியால் சுட்டார். ஒருவர் இறந்தார், வேறு மூவர் காயமுற்றனர். கீழ் மன்றங்கள் குற்றவாளியெனக் கண்டன. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கதவு உடைந்து கும்பல் உள்ளே நுழையும் வரை காத்திருக்குமாறு சட்டம் யாரையும் கேட்பதில்லை என்பதும், அத்தகைய வேளையில் செய்த செயலைப் பொன் நிறுக்கும் தராசில் இட்டு நிறுத்தலாகாது என்பதும் நீதிபதி விவியன் போசு எழுதிய தீர்ப்பின் சாரம். பாமர் வழக்கிலும் இதே கருத்துக் காணப்படுகின்றது. தாக்குண்டவன் தன் காப்பின் அளவைத் துல்லியமாக அளந்துகொள்ள இயலாது என்பதை அங்கே கோமறைக் கழகமும் ஏற்றது.

இலங்கை மன்றங்கள் வேறு சில பாதுகாப்புக்களையும் வளர்த்தன. சத்தியம் செய்யாது, குறுக்கு விசாரணைக்கு உட்படாது, கூண்டில் நின்றவாறே தன் கூற்றை எடுத்துரைக்கும் உரிமை எதிரிக்கு உண்டென்பது 1918ஆம் ஆண்டில் தீர்ந்த வழக்கொன்றினால் உறுதியாயிற்று. பிரதமர் பண்டாரநாயக்கா கொலை வழக்கின் மேன்முறையீட்டில், 1962ஆம் ஆண்டில், அக்கூற்றும் சான்றே என்றும், சத்தியமும் குறுக்கு விசாரணையும் இன்மையால் வலுக்குறைந்த சான்று என்றும் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. எழுத்தறியாத முல்லைக்காரனுக்கு இவ்வுரிமையின் அருமை எளிதிற் புலப்படும்.

அதனினும் பெரிய பாதுகாப்பு 1940ஆம் ஆண்டில் எடின் என்பாரின் வழக்கில் வெளிப்பட்டது. கொலை வழக்கில், சிறிய குற்றமென்று முடிவு காண்பதற்குச் சான்றிலே இடமிருந்தால், எதிரியின் சட்டத்தரணி அவ்வாதத்தை எழுப்பாவிடினும், நீதிபதி தாமாகவே அதனை யூரிமாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. தான் கொல்லவேயில்லை என எதிரி சாதிக்கின்ற வழக்கிலும் இரண்டாம் விலக்கின் கதவு இதனால் அடைபடாது நின்றது. எழுவர் கொண்ட யூரியில் ஐவராவது ஒருமித்தாலன்றித் தீர்ப்பில்லை என்பது அக்காலத்து விதி. 1974ஆம் ஆண்டு முதல் கொலை வழக்குகள் மேல் நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் யூரி இன்றி நீதிபதியே உண்மையையும் சட்டத்தையும் ஒருங்கே ஆராய்கின்றார். அதனால் எடின் வழக்கின் கடமை நீங்கிவிடவில்லை. ஒருவர் தோளிலேயே முழுதாகச் சுமந்தது.

எண்பிக்கும் சுமை

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருதல் தகும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டம், சேர் யேம்சு பிற்சுயேம்சு சிற்றீவன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றியது. இரண்டிலும் 105ஆம் பிரிவு ஒன்றே. எதிரி, தன் செயல் ஒரு பொது விலக்கிலோ சிறப்பு விலக்கிலோ அடங்கும் என்றால், அதற்குரிய நிலைமைகளை எண்பிக்கும் சுமை எதிரியையே சாரும். அந்நிலைமைகள் இல்லையென மன்றம் அனுமானித்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு வரை இதனையொத்த கருத்தே நிலவியது. அவ்வாண்டில் வூல்மிங்ரன் வழக்கு அதனைத் தகர்த்தது. பண்ணைத் தொழிலாளியான ஓர் இளைஞர், பிரிந்து சென்ற தம் மனைவி முன்னிலையில் துப்பாக்கியைக் காட்டித் தம்மை மாய்த்துக்கொள்ளப் போவதாக அச்சுறுத்தியபோது, அது தற்செயலாக வெடித்து மனைவி இறந்தார் என்றார். தற்செயல் என்பதை அவரே எண்பித்தல் வேண்டுமென விசாரணை நீதிபதி கூறினார். மரண தண்டனை கிடைத்தது. பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. எதிரியின் குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு அப்பால் எண்பிக்கும் கடமை அரச தரப்பினுடையது என்பதே ஆங்கிலக் குற்றவியற் சட்டமெங்கும் ஊடுருவி நிற்கும் பொன்னிழை என்றார் சாங்கி பிரபு. 1957ஆம் ஆண்டில் லோபெல் வழக்கு இதனைத் தற்காப்புக்கும் உரித்தாக்கிற்று. தற்காப்புக்கு ஏதேனும் சான்று வந்துவிட்டால், அது தற்காப்பன்று என எண்பித்தல் அரசின் வேலை.

இப்பொன்னிழை இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து வந்ததா? இந்தியாவில் அலகாபாத்து உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், 1941ஆம் ஆண்டில் பிரபு என்பாரின் வழக்கில், பெரும்பான்மையால் வந்தது என்றது. எதிரி தன் விலக்கை முற்றாக நிலைநாட்டத் தவறினும், சான்று முழுவதையும் நோக்குமிடத்து நியாயமான ஐயம் தோன்றினால் விடுதலை உண்டென்பது அதன் முடிபு. உச்ச நீதிமன்றமும் 1964ஆம் ஆண்டில், சித்தசுவாதீனமின்மை பற்றிய தஃயாபாய் வழக்கில், எதிரி காட்டிய சான்று குற்றத்தின் உள்ளுறுப்பாகிய கருத்தைப் பற்றி ஐயம் எழுப்பினால் அப்பயன் அவனுக்கே என்றது.

இலங்கை வேறு வழி சென்றது. 1942ஆம் ஆண்டில் சந்திரசேகர என்பாரின் வழக்கில், குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 105ஆம் பிரிவின் சொற்களை உள்ளவாறே கொண்டது. தற்காப்பை எதிரி நிகழ்தகவுச் சமநிலையில் எண்பித்தல் வேண்டும். அஃதாவது, அது நிகழாமையினும் நிகழ்ந்தமையே கூடியதென மன்றம் கருதுமாறு செய்தல் வேண்டும். அதற்குக் குறைந்த ஐயம் மட்டும் போதாது. வூல்மிங்ரன் வழக்கின் விதி இங்கே செல்லாது. 1969ஆம் ஆண்டில் சயசேன என்பாரின் மேன்முறையீடு கோமறைக் கழகத்தை அடைந்தது. தெவுலின் பிரபு அளித்த தீர்ப்பு, ஆங்கில நாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு இலங்கைச் சட்டத்தின் தெளிந்த சொற்களை வளைத்தலாகாது எனக் கூறி, சந்திரசேகர வழக்கையே நிலைநிறுத்தியது. இரண்டாண்டுகளின் பின், 1971ஆம் ஆண்டில், கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் ஒழிந்தது. முடிபு மட்டும் நிலைத்துவிட்டது.

வட்டையின் எடுத்துக்காட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அங்கே மூன்றாம் மனிதர் இல்லை. "ஆ" இறந்துவிட்டான். மண்வெட்டி ஓங்கப்பட்டது என்பதற்கு "அ"வின் வாய்ச்சொல்லே சான்று. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்று மன்றம் சரிபாதியாக எண்ணுகின்றது. கொல்லும் கருத்து மட்டும் ஐயமின்றி எண்பிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தாயின் "அ" வீடு செல்வான். இலங்கையில் அவனுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்படும். சான்று ஒன்றே, உண்மை ஒன்றே. ஐயத்தின் பயன் மட்டும் இடம் மாறிற்று.

இரு பக்க நியாயங்கள்

1942ஆம் ஆண்டின் முடிபுக்கு நியாயம் இல்லாமலில்லை. நிகழ்ந்தது முழுவதையும் அறிந்தவன் எதிரி ஒருவனே. அறிந்தவன் எண்பிப்பதே முறை. தனித்த இடத்தில் கொன்றவர் எல்லாரும் தற்காப்பு என்று கூறித் தப்புவதற்கு வழிதிறத்தல் ஆகாது. மறுத்துப் பேச இயலாத இறந்தவனுக்கும் நீதி உண்டு. அவன் மனைவி மக்களும் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கின்றனர். மேலும் சுமை எதிரியைச் சாரினும், அது அரச தரப்பின் சுமைபோற் பெரிதன்று. அரச தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதனை அவன் நிறைவேற்றிக்கொள்ளலாம். தானே சாட்சிக் கூண்டில் ஏறுதல் கட்டாயமன்று.

எனினும் மறுபக்க நியாயம் வலியது. நிரபராதி என்னும் அனுமானம் எல்லா எதிரிக்கும் உரியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அதனை அடிப்படை உரிமையாகவே கூறுகின்றது. ஆனால் அதே உறுப்புரையின் காப்புவாசகம், குறிப்பிட்ட சில உண்மைகளை எண்பிக்கும் சுமையைச் சட்டத்தின் மூலம் எதிரிமீது சுமத்தலாம் எனவும் கூறுதலின், 105ஆம் பிரிவு பழுதின்றி நிற்கின்றது. சட்டத்துக்கு ஒவ்வும் என்பதனாலேயே அது நீதிக்கும் ஒத்ததாகிவிடாது. திருடனுக்கு ஐயத்தின் பயனைக் கொடுக்கும் சட்டம், உயிருக்கு அஞ்சி எதிர்த்தேன் என்பவனுக்கு அதனை மறுத்தல் பொருந்துமா? அதுவும் வேறு தண்டனைக்கு இடமில்லாத குற்றத்தில் மறுத்தல் பொருந்துமா?

இலங்கையில் 1976ஆம் ஆண்டு சூன் மாதத்தின் பின்னர் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆயினும் 296ஆம் பிரிவு மாறவில்லை. மன்றங்கள் அத்தண்டனையை விதித்தே வருகின்றன. விதிக்கப்பட்டோர் சிறையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றனர். நிறைவேறாத் தண்டனை என்பதால் அதனைச் சிறிதென்று கொள்ளலாகாது. ஐயத்திலே ஒருவனை இறப்பிக்காவிடினும், ஐயத்திலே ஒருவன் வாழ்நாளைக் கழிக்கவைப்பதும் பெருந் தீங்கே.

இந்தியா 1860ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கிப் புதிய குற்றவியற் சட்டத்தை 2024ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதிலே தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் பெரும்பாலும் பழைய சொற்களாலேயே நிலைத்துள்ளது. மெக்காலே குழு வகுத்த உரிமையின் எல்லைகள் காலத்தை வென்றன என்பதற்கு இது சான்று. ஆகவே இலங்கையிலும் திருத்தம் வேண்டப்படுவது உரிமையின் எல்லைகளில் அன்று, நடு வழியில் அன்று. ஐயத்தின் பயனை வகுக்கும் அந்த ஒரு விதியிலேதான். அதனை மாற்றும் வலு நீதிமன்றத்தைக் காட்டிலும் சட்டமன்றத்துக்கே உரியது.

அது நிகழும் வரை நீதிபதியின் கையில் இருப்பவை சில. இரண்டாம் விலக்கை எப்போதும் நினைவில் வைத்தல். கூண்டில் நின்று எதிரி கூறும் கூற்றை இலேசாகத் தள்ளாதிருத்தல். நிகழ்தகவை நீதிமன்ற மேடையிலிருந்து நோக்காது, இருளிலே வரம்பில் நின்றவனின் இடத்திலிருந்து நோக்குதல். சோழர் காலத்து ஊரவையார் கொன்றவனின் கருத்தை அறியத் தலைப்பட்டபோது சட்டக்கோவையும் இல்லை, பிரிவு எண்களும் இல்லை. கை செய்ததையும் மனம் கருதியதையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும் என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. நிறுப்பவனுக்கு நேரம் உண்டு. நிறுக்கப்படுபவனுக்கு அன்று நேரம் இருக்கவில்லை. இவ்வேற்றுமையை மறவாத மன்றமே தற்காப்பு வாதத்தைச் செம்மையாக நிறுக்க வல்லது.